முப்பத்தெட்டு மில்லிவினாடி

தன்னுடைய உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் சனிக்கிழமை ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்று பெட்டிக்காரர் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டின்போது. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வாரே, அதே குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு பீன்ஸ் சூப்பை ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரொட்டியைப் பிய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதிரே இருந்த மருமகளுக்குச் சூப் உள்ளே இறங்கவில்லை.

யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கூட வேலை பார்த்த அலமாரிக்காரருக்கு என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "கை சரியில்ல" என்றார். அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

கை சரியில்லை என்பது அந்த வீட்டில் ஆறு மாதமாக ஓடுகிற பேச்சு. இரண்டு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் விரலை நீட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொல்லி, குட்டிச் சுத்தியலால் முழங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு, "பேசாம இந்தக் கையை எனக்குக் குடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தார். இன்னொருவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெட்டிக்காரர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். ஆனால் இரண்டு பேர் சொன்னதையும் நம்பவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு ஜன்னல் சட்டத்துக்கு அளவெடுக்கப் போனவர், அளந்ததையே நாலு தடவை அளந்துவிட்டு, வேறு ஆளைப் பாருங்கள் என்று திரும்பி வந்துவிட்டார்.

அவர் தச்சர். முப்பத்தைந்து வருஷம் கதவும் அலமாரியும் செய்தவர். ஆனால் பெட்டிக்காரர் என்ற பெயர் அதனால் வந்ததில்லை. அவரே பலகை தேர்ந்து செய்த ஒரு மரப்பெட்டி உண்டு. அதன் மேல் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே தெரியும் முகப்பை இரண்டு கையாலும் தட்டுவார். நடுவில் தட்டினால் அடிவயிற்றிலிருந்து வருவது போல 'தும்' என்னும். மேல் விளிம்பில் தட்டினால் 'டக்' என்று வெட்டும். ஆற்றோரப் பூங்காவில் ஞாயிறு மாலைகளில் வாசிக்கிற குழுவுக்கு அவர்தான் தாளம். தாளமாக இருந்தார் என்று சொல்ல வேண்டும். குழுவை நடத்தும் கிட்டார் வாத்தியார் ஆறு மாதத்துக்கு முன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, கொஞ்ச நாளா முந்திக்கிட்டு ஓடுறீங்க, சும்மா ஒரு ஓய்வு எடுத்துட்டு வாங்களேன்" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். என்னதான் பக்குவமாகச் சொன்னாலும் போகச் சொல்வது போகச் சொல்வதுதானே.

மருமகளுக்கு அந்த வீட்டில் ஒயரம்மா என்று பெயர். வைத்தது மாமியார்தான். கழுத்தில் ஒரு ஒயர், தோளில் ஒரு ஒயர், காய்கறி வாங்கப் போகும்போதுகூட சட்டைப் பையிலிருந்து ஒரு ஒயர் எட்டிப் பார்க்கும். மாடியில் இருந்த ஒரே அறையைச் சுவரெல்லாம் பழைய போர்வை அடித்து, கதவுக்கு இரட்டைப் பலகை போட்டு ஒலிப்பதிவு அறையாக மாற்றிக்கொண்டாள். பலகை அடித்துக் கொடுத்தது மாமனார். கடைகளுக்கு விளம்பரப் பாட்டு, பள்ளிக்கூடங்களுக்கு உடற்பயிற்சிப் பாட்டு, அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் காத்திருக்கும்போது ஓடுகிற இசை, இதெல்லாம் அவள் பிழைப்பு. தண்ணீர் வாரியத்துக்கு போன் போட்டால் எடுக்கிறார்களோ இல்லையோ, பெட்டிக்காரரின் தாளத்தை ஐந்து நிமிஷம் நிம்மதியாகக் கேட்கலாம்.

இப்போது ஒயரம்மாவுக்குச் சூப் இறங்காததன் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது.

முதலில் கிட்டாரையும் பாட்டையும் பதிவு செய்வாள். பிறகு மாமனார் ஹெட்போனில் அதையும் எண்ணிக்கை டிக்கையும் கேட்டுக்கொண்டே பெட்டியைத் தட்டுவார். அது தனியாகப் பதிவாகும். திரையில் தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். பெட்டியின் ஒவ்வொரு தட்டும் ஊசி குத்தினாற்போல் எழும்பி நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் அவள் கவனித்தாள், ஊசிகளெல்லாம் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றன. அடுத்த பாட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். வயசாகிறது, கை தளர்கிறது என்று நினைத்தாள். சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். அதனால் அவர் கீழே இறங்கிப் போன பிறகு, மவுசால் மொத்தத் தட்டையும் பிடித்து மயிரிழை முன்னால் நகர்த்தி வைத்துவிடுவாள். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். பாட்டு நன்றாக இருக்கும். மாமா வாசிப்புன்னா வாசிப்புதான் என்று எல்லோர் எதிரிலும் சொல்லுவாள். தான் ஒரு நல்ல காரியம் செய்வதாகவே அவளுக்கு நினைப்பு.

எட்டு மாதத்துக்கு முன் ஊசிகள் தாமாகவே கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. கை திரும்பிவிட்டது என்று அவளுக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே, கிட்டார் வாத்தியார் சொன்னதை ஏதோ பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிட்டாள்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து மழை. தகரக் கூரையில் மழை விழும் நாளில் மாடியில் பதிவு எதுவும் நடக்காது. ஒயரம்மா டீயை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவள் பத்து வருஷமாக வேலை செய்துவந்த மென்பொருள், உங்கள் கணினி பழையதாகிவிட்டது, இந்த மாதத்தோடு நம் உறவு முடிந்தது என்கிற பாணியில் ஓர் அறிவிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் கிழடு என்று அது சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் ஒரு மாதத்துக்கு முன்பே இவளிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்திருந்தார். அதில் இருந்தது லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம். அதுவும் இசை வேலைக்கென்றே சிலர் திருத்தி அமைத்த லினக்ஸ். இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று ரிப்பேர்காரர் ஏதோ கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். பழைய டிஸ்கைத் தொடாமலேயே இதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நேரம் கிடைக்கட்டும் என்று மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தாள்.

கறுப்புத் திரை வந்தது. எழுத்துகள் ஓடின. பிறகு வந்த மேஜைப்பரப்பில் அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. முதல் ஒரு மணி நேரம் சத்தமே வரவில்லை. வந்தபோது சட்சட்டென்று எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி வெடித்தது. உதடு பிதுக்கிக்கொண்டு நோண்டியவள், திரையில் ஒரு ஜன்னலைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைக்கிலிருந்து வரும் ஒலி எதற்குள் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது, எது வழியாக ஹெட்போனுக்கு வருகிறது என்பதெல்லாம் திரையில் ஒயர் ஒயராக வரைந்து கிடந்தது. மவுசால் ஒரு முனையைப் பிடுங்கி இன்னொன்றில் சொருகினால் ஒலி அங்கே போனது. பழைய மென்பொருள் இதெல்லாவற்றையும் மூடி வைத்து, உனக்கெதுக்கு இந்த வம்பு என்று பத்து வருஷம் இவளை வெளியிலேயே நிற்க வைத்திருந்தது. "அத்தை, எனக்கேத்த ஜோடி கெடைச்சிருச்சு" என்று கீழே பார்த்துக் கூவினாள். மாமியார், உன் முதல் ஜோடி, அதான் என் மகன், ரொட்டி வேன் ஓட்டிவிட்டு மதியம் பசியோடு வருவான், முட்டை அவிக்க வேண்டும், இறங்கி வா என்றார்.

அந்த அமைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்று உண்டு. வெடிப்புச் சத்தத்தைப் பற்றி அங்கே கேட்டு வைத்தாள். எந்த ஊரிலோ இருக்கிற ஒரு பல் டாக்டர், பகலில் பல் பிடுங்கி ஓய்ந்த நேரத்தில் பியானோ வாசிப்பவராம், பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். எந்த எண்ணைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். எதையும் பதிவு செய்யும் முன் முதலில் தாமதத்தை அளந்துவிடுங்கள், ஒலியை உள்ளே வாங்கி வெளியே அனுப்பும் உங்கள் சவுண்ட் கார்டின் வெளியேறும் துளையிலிருந்து உள்ளே வரும் துளைக்கு ஒரு ஒயரைப் போடுங்கள், அந்தக் கார்டு சொல்லும் கணக்கை நம்பாதீர்கள்.

வியாழக்கிழமை காலை அவள் அதைச் செய்தாள். ஒரு முழ ஒயர், ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. கம்ப்யூட்டர் ஒரு 'டிக்' அனுப்பும். அந்த டிக் ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு கம்ப்யூட்டருக்கே திரும்பி வரும். போய் வர எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு தாமதத்தைப் பதிவிலிருந்து கழித்துவிட வேண்டும். புதிய அமைப்பு எண்ணைக் காட்டியது, கழித்தும் கொடுத்தது. மறுபடி பதிவு செய்து பார்த்தாள். டிக் கோட்டின்மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது.

அப்போதுதான் அவளுக்கு, பழைய மென்பொருளில் இந்த டிக் எங்கே நின்றிருக்கும் என்ற கேள்வி வந்தது. வந்த மறுகணமே ஏன் வந்தது என்றிருந்தது. ஒயரைப் பிடுங்காமலே கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்கிலிருந்து பழைய மென்பொருளைக் கிளப்பினாள். அதே டிக், அதே ஒயர். அந்த மென்பொருளும் தாமதத்தைக் கழித்துக்கொள்கிறது என்றுதான் அதன் கையேட்டில் எழுதியிருந்தது. கழித்தது உண்மைதான், ஆனால் சவுண்ட் கார்டு சொன்ன தப்புக் கணக்கை அப்படியே நம்பிக் கழித்திருந்தது. திரும்பி வந்த டிக் கோட்டுக்குப் பின்னால் நின்றது. அளந்தாள். முப்பத்தெட்டு மில்லிவினாடி. ஒரு வினாடியை இருபத்தாறு பங்காக நறுக்கினால் ஒரு பங்கு.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பாட்டு ஒன்றைத் திறந்தாள். தான் நகர்த்தியதையெல்லாம் நீக்கி, மாமனார் வாசித்த வாசிப்பு எங்கே விழுந்ததோ அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். முப்பத்தெட்டைக் கழித்தாள். ஊசிகள் வரிசையாக வந்து கோட்டின்மேல் உட்கார்ந்தன. இன்னொரு பாட்டு. அதுவும் அப்படியே. மனுஷன் ஒரு நாளும் பிந்தியதில்லை. பிந்தியது இயந்திரம். அந்தச் சவுண்ட் கார்டை வாங்கியது எப்போது என்று ரசீது தேடாமலே அவளுக்குத் தெரிந்தது. சரியாக இரண்டு வருஷம்.

பாடகர்களையும் அதே இயந்திரம்தான் பதிவு செய்தது. அவர்களும் அதே அளவுக்குப் பிந்தித்தான் இருந்தார்கள். குரல் ஊசி மாதிரி எழும்பாது, மேகம் மாதிரி பரவிக் கிடக்கும், கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வராது. அதனால் அவர்களை யாரும் டாக்டரிடம் அனுப்பவில்லை. ஒருத்தர் நிதானமாகப் பாடுகிறார் என்று பேரே வாங்கிவிட்டார். காதால் கேட்டுச் செய்ய வேண்டிய வேலையை இரண்டு வருஷம் கண்ணால் பார்த்துச் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது ஒயரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் வேனை நிறுத்திவிட்டு, விற்காத இரண்டு ரொட்டியோடு கணவன் வந்தான். அவனிடம் முதலில் சொன்னாள். அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, இப்போ எதுக்கு அதையெல்லாம் கிளறணும் என்றான். அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது, புது மிஷின் வந்தாயிற்று, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவை என்பது அவன் யோசனை. கெட்ட யோசனை இல்லை. அவளுக்கும் ஒரு நிமிஷம் அதுதான் சரி என்று பட்டது.

சாப்பிட்ட தட்டுகளை அடுக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. இயந்திரம் இரண்டு வருஷமாகப் பிந்துகிறது. அப்படியானால் இந்த எட்டு மாதமாக மட்டும் ஊசிகள் எப்படிக் கோட்டில் நின்றன? அவர் அதே அளவுக்கு முந்தித் தட்டினால்தான் அப்படி நிற்கும். கிட்டார் வாத்தியார் பொறாமையில் பேசவில்லை. மாமனாரின் கை திரும்பியது நிஜம்தான், ஆனால் பாட்டின் பக்கம் திரும்பவில்லை. பழுதான இயந்திரத்துக்கு ஏற்றபடித் திரும்பியிருக்கிறது.

மாமியார் வாசலில் சாரல் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். ஒயரம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள். மாமா கொட்டகையில் வாசித்துப் பழகுவாரா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"பழகுறதாவது. ஒரு வருஷமா தினம் காலையில டிக் டிக்னு அந்தத் தாள மிஷினை வெச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி தட்டணும், முன்னாடி தட்டணும்னு உசிரை விட்டாரு. எனக்கு டிக் டிக்னே கனவு வந்துச்சு."

"எதுக்கு அத்தை முன்னாடி?"

மாமியார் உரித்த பீன்ஸைக் கிண்ணத்தில் தள்ளினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"நீ மனசுல வெச்சுக்காதே. கண்ணாடியை மறந்துட்டேன்னு ஒருநாள் மாடிக்கு வந்தாராம். நீ அவர் தட்டினதைப் பிடிச்சு நகத்திக்கிட்டு இருந்தியாம். என்ன பண்றேன்னு கேட்டதுக்கு, சும்மா ஒதுக்கி வெக்கிறேன் மாமான்னு சொன்னியாம். கீழ வந்து என்கிட்ட சொன்னாரு, 'எனக்குக் கை பிந்துது, அந்தப் பொண்ணு வாயைத் திறக்காம சரி பண்ணிக்கிட்டு இருக்கு. அவளுக்கு வேலையாவது மிச்சம் பண்ணுவோம்'னு. அதுக்குத்தான் அந்த டிக் டிக்."

ஒயரம்மாவுக்குக் கையில் இருந்த பீன்ஸ் அப்படியே நின்றது. அவர் மனசு நோகக் கூடாது என்று இவள் மறைத்தாள். இவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று அவர் மறைத்தார். இப்படி ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டு இரக்கப்பட்டே, ஒரு குறையும் இல்லாத கையைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். மாடியில் பிந்துகிறாய் என்று கண்டார், பூங்காவில் முந்துகிறாய் என்று கேட்டார். இரண்டும் சேர்ந்தால் எந்த மனுஷனும் உளியைத் தூக்கிக் கொடுக்கத்தான் செய்வான்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கொட்டகையில் பெட்டிக்காரர் இழைப்புளிகளுக்கு எண்ணெய் தடவி ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். மரத்தூள் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது. ஒயரம்மா நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தாள். ராத்திரியெல்லாம் அடுக்கி வைத்த வாக்கியம் எதுவும் வரவில்லை. நேராகவே சொன்னாள்.

"மாமா, ரெண்டு வருஷமா நீங்க பிந்தவே இல்ல. மிஷின்தான் பிந்துச்சு. நான் அளந்து பாக்காம உங்க மேல போட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லாமயும் இருந்துட்டேன்."

அவர் கையில் இருந்த இழைப்புளியைச் சுற்றி முடித்து வைத்தார். பிறகு, "காட்டு" என்றார்.

மாடிக்குக் கூட்டிப்போய் ஒயரைக் காட்டினாள். இந்த முனை, அந்த முனை, டிக் போகிற வழி, திரும்புகிற வழி. அளவு என்று வந்தால் அவருக்கு ஒருமுறை சொன்னால் போதும். இரண்டு தடவை அளந்தாயா என்று மட்டும் கேட்டார். ஏழு தடவை என்றாள். பிறகு அந்தப் பழைய பாட்டை, அவர் வாசித்தபடியே, இயந்திரத்தின் தாமதத்தை மட்டும் கழித்துப் போட்டுக் காட்டினாள். அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை என்று விரலால் காட்டினார். இரண்டாம் தடவை கேட்கும்போது கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு."

"ஆமா மாமா."

"அன்னிக்கே நீ என்கிட்ட, மாமா நீங்க பிந்துறீங்கன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா? சண்டை போட்டிருப்பேன். நான் பிந்தல, உன் டப்பாதான் பிந்துதுன்னு குதிச்சிருப்பேன். நீயும் சும்மா இருக்க மாட்டே, இருங்க காட்டுறேன்னு அளந்திருப்பே. அன்னிக்கு சாயங்காலமே தெரிஞ்சிருக்கும்."

அவள் ஒயரைப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கினாள்.

"நீ பொய் சொன்னேன்னு நான் நெனக்கல. நல்ல மனசுதான். ஆனா இந்த ஆளுகூட சண்டை போட முடியாது, இவரு தாங்க மாட்டாருன்னு முடிவு பண்ணிட்டே பாரு. அதுதான்மா எனக்கு வலிக்குது. டாக்டர்கிட்டகூட அவ்வளவு கெழவனா நான் உக்காரல."

சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் படியிறங்கிப் போனார். ஒயரம்மா அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டு, எழுந்து மைக் ஸ்டாண்டைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

கீழே அவர் தொலைபேசியில் பேசுவது கேட்டது. உளி கொடுப்பதாக இல்லை, ஆனால் நாளைக்கு வருவதாக இருந்தால் வா, உன் அலமாரிக் கதவு கோணுகிறது என்றாயே, என்னவென்று பார்ப்போம் என்று அலமாரிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் படியில் மரம் இடிக்கிற சத்தம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. பெட்டியை விரிப்பின்மேல் போட்டு, உட்கார்ந்து, போடு என்றார்.

புதிய அமைப்பில் அது முதல் பதிவு. உடற்பயிற்சிப் பாட்டு ஒன்று. அவர் தட்டினார். 'தும்'மும் 'டக்'கும் அறையை நிறைத்தன. ஒயரம்மா திரையைப் பார்த்தாள். ஊசிகள் ஒவ்வொன்றும் கோட்டுக்கு முன்னால் நின்றன. ஒரு வருஷப் பயிற்சி, சும்மா போகுமா? பாட்டு முடிந்தது. அவள் கை பழக்கத்தில் மவுசுக்குப் போனது. பின்னால் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், ஒரே இழுப்பு. அவருக்கு இருக்கிற மனநிலையில் இன்றைக்கு மட்டுமாவது. இன்றைக்கு மட்டும்தானே.

கையை எடுத்துத் திரையை அணைத்தாள். பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எப்படி?" என்றார்.

"முந்துறீங்க மாமா."

"இல்லையே."

"முந்துறீங்க."

"சரியாத்தான் தட்டினேன். உன் புது டப்பாவும் தப்பாத்தான் இருக்கும். ஓசியில வந்ததுதானே."

"டப்பாவை அளந்தாச்சு. தப்பு உங்க மேலதான். முதல் அடியில இருந்தே ஓடுறீங்க, பாட்டு பாவம் பின்னாடியே துரத்திக்கிட்டு வருது."

"யாரு ஓடுறது? உனக்குக் காது சரியா இருக்கா?"

"என் காதுக்கு ஒண்ணுமில்ல. கிட்டார் வாத்தியாருக்கும் இதேதான் கேட்டிருக்கு. அவரை வேணா கூப்பிடட்டுமா?"

"அவனை எதுக்கு இழுக்குறே? நீ போடு முதல்ல, மறுபடி போடு, எங்க ஓடுறேன்னு காட்டு."

குரல் இரண்டும் ஏறிவிட்டன. இரட்டைப் பலகைக் கதவை யாரும் சாத்தியிருக்கவில்லை. கீழே வேன் வந்து நிற்கும் சத்தமும், கணவன் ஓட்டமும் நடையுமாக உள்ளே வருவதும் ஒயரம்மாவுக்குக் கேட்டது.

"என்னம்மா, மேல சண்டையா?"

"ஆமா" என்றது மாமியாரின் குரல். "ரெண்டு பேரும் நல்லா போட்டுக்கிறாங்க. நீ மேல போய்க் கெடுத்துடாதே. உக்காந்து சாப்பிடு."

பெட்டிக்காரருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு, முகப்புப் பலகையின்மேல் இரண்டு கையையும் வைத்து, மருமகளை முறைத்தபடி எண்ணிக்கைக்காகக் காத்திருந்தார்.